மீதி 23 மணி நேரம்

பக்கவாதம் வந்தவர் வீட்டுக்கு முதல் தடவை போகும்போது என்னிடம் கேட்கப்படும் கேள்விகள் அநேகமாக ஒன்றுபோலவே இருக்கும். "எத்தனை நாள்ல சரியாகும் டாக்டரம்மா?" என்பது முதல் கேள்வி. "கரண்ட் வைப்பீங்களா?" என்பது அடுத்தது. மருந்துக் கடையில் வாங்கிய மஞ்சள் நிற ஸ்மைலி பந்து தலைமாட்டில் தயாராக இருக்கும். அதை ஒரு நாளைக்கு எத்தனை தடவை அமுக்க வேண்டும் என்று மகனோ மருமகளோ கேட்பார்கள்.

மதுரையில் வீடு வீடாகப் போய்ப் பிசியோதெரபி செய்கிறவள் நான். ஒரு வீட்டில் நான் இருப்பது முக்கால் மணி, மிஞ்சிப்போனால் ஒரு மணி நேரம். நான் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போன பிறகு, மீதி 23 மணி நேரத்தில் அந்தக் கையும் காலும் என்ன செய்யப்போகின்றன என்று யாரும் கேட்பதில்லை. தேறுவதும் தேறாததும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் இருக்கிறது. மூளையில் ரத்தம் போகாமல் செத்த பகுதி திரும்ப உயிர்பெறாது. தப்பித்த பகுதிகள்தான் அதன் வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகி எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஒரே அசைவை நாள்தோறும் நூற்றுக்கணக்கில் செய்ய வேண்டியிருக்கும். என் முக்கால் மணி நேரத்துக்குள் அத்தனையும் அடங்காது.

முதல் பத்து நாள் எல்லோரும் செய்வார்கள். ஐ.சி.யூ.வின் ஞாபகம் பச்சையாக இருக்கும், பயம் இருக்கும், வந்து பார்த்துவிட்டுப் போகிற சொந்தக்காரர்கள் இருப்பார்கள். ஒரு மாதம் போனதும் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வருகிறவர்கள் குறைவார்கள். விரல் இன்னும் மடங்கியபடியே இருக்கும். அப்போதுதான் அந்த வாக்கியம் என் காதில் விழும்: "இவருக்கு மனசே இல்ல டாக்டரம்மா. வைராக்கியம் இருந்தா இந்நேரம் எந்திரிச்சு நடந்திருப்பாரு." படுத்திருப்பவருக்கும் அது கேட்கும்.

இந்தப் பேச்சோடு எனக்கு நெடுநாள் வழக்கு உண்டு. மனசு என்பது சிலரிடம் நிறையவும் சிலரிடம் குறைவாகவும் இருக்கிற இருப்புச் சரக்கு இல்லை. பார்க்கப் பார்க்க எனக்கு உறுதிப்பட்டது வேறு: ஊக்கம் முதலில் வந்து, அதன் பிறகு கை அசைவதில்லை. கை ஏதோ ஒன்றைச் செய்து முடிக்கிறது, அதைக் கண் பார்க்கிறது, ஊக்கம் அதன் பின்னால் வருகிறது. ஆகவே என் வேலையில் பாதி, அந்த முதல் 'செய்து முடித்தல்' சீக்கிரம் நடக்கும்படி காரியத்தைச் சின்னதாக வெட்டிக் கொடுப்பதுதான்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977இல் இதைத் தெளிவாக எழுதிவைத்தார். 'என்னால் முடியும்' என்ற நம்பிக்கை நான்கு வழிகளில் வருகிறது என்றார். தானே செய்து பார்ப்பது, தன்னைப் போன்ற இன்னொருவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் சொல்லும் தேற்றுமொழி, தன் உடம்பு அந்த நேரத்தில் இருக்கும் நிலை. நான்கிலும் வலுவானது முதலாவது. நம் வீடுகளில் நாள் முழுக்கப் புழங்குவதோ மூன்றாவது: "முடியும்ப்பா, முடியும், நல்லா அமுக்கு!" சொல்கிறவர் பாசத்தோடுதான் சொல்கிறார். ஆனால் பத்து முறை சொல்லியும் கை வரவில்லை என்றால், பதினோராவது முறை அதே சொல் குத்திக்காட்டுவதுபோல் கேட்கும்.

அப்பத்தா ஒருவரைச் சொல்ல வேண்டும். தெற்குமாசி வீதிக்குப் பக்கத்துச் சந்தில் வீடு. நாற்பது வருஷத்துக்கு மேல் பூக்கட்டிப் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர். இடது பக்கம் விழுந்துவிட்டது. கால் ஓரளவு சீக்கிரம் தேறியது, வாக்கரோடு வாசல் வரை வந்துவிட்டார். கைதான் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. பந்தைக் கையில் வைத்தால் வெறித்துப் பார்ப்பார். நான் கிளம்பும்போது பந்து கட்டிலுக்கு அடியில் உருண்டிருக்கும். எனக்கும் அந்தப் பந்தின்மேல் பிரியம் கிடையாது. விறைத்து மடங்கிக்கிடக்கிற விரல்களுக்கு மேலும் மடக்கப் பழக்குவதால் பிரயோஜனம் குறைவு. அந்த விரல்களுக்கு வேண்டியது விரிவதும், மெல்லிதாகப் பிடிப்பதும், பிடித்ததை விடுவதும்.

"என்ன செய்யணும்னு ஆசையா இருக்கு அப்பத்தா?" என்று கேட்டேன்.

"ஆசையென்ன ஆசை, போய்ச் சேரணும்."

"அதுக்கு நாள் இருக்கு. அதுக்கு முன்னாடி?"

அவர் பதில் சொல்லவில்லை. பேத்தி வாசலில் உட்கார்ந்து மல்லிகை கட்டிக்கொண்டிருந்தாள். அப்பத்தா அந்தப் பக்கம் திரும்பி, "இழுத்துக் கட்டுடி, நாளைக்கே உதிர்ந்துரும்" என்றார். பந்தைப் பார்க்கும்போது காணாமல் போகிற உயிர் அந்தக் குரலில் இருந்தது.

பூக்கட்டுவதைக் கூர்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அது இரண்டு கைக்கும் வெவ்வேறு வேலை தருகிற காரியம். அப்பத்தா கட்டும் முறையில் இடது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் காம்புகளை நாரோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும். இரண்டு மொட்டு இந்தப் பக்கம் பார்த்து, இரண்டு அந்தப் பக்கம் பார்த்து. வலது கை நாரைச் சுற்றி, விரலில் வளையம் போட்டு, காம்புக்கு மேல் நுழைத்து இழுக்கும். இழுக்கும் அந்தக் கணத்தில் இடது கை நழுவவிடக் கூடாது, நசுக்கவும் கூடாது. முடிச்சு விழுந்ததும் சரத்தைக் கொஞ்சம் தள்ளிக்கொடுத்து, அடுத்த நான்கு மொட்டுக்கு இடம் செய்ய வேண்டும். பிடித்தல், தாங்குதல், விடுதல் எல்லாம் இதற்குள் இருக்கின்றன. எந்தப் பந்தும் இதைக் கற்றுத்தராது.

மல்லிகை மொட்டில் தொடங்க முடியாது, காம்பு நூலளவுதான் இருக்கும். செவ்வந்தியில் தொடங்கினோம். முறத்தில் இருக்கும் செவ்வந்தியை இடது கையால் எடுத்து வேறு தட்டில் போட வேண்டும், அவ்வளவுதான். எடுக்க வந்தது, விட வரவில்லை. மணிக்கட்டைத் தொடைமேல் தளர்வாகத் தொங்கவிட்டால் விரல் தானாகச் சற்றே திறக்கும் என்று காட்டிக்கொடுத்தேன். பூ விழுந்தது. அப்பத்தா என்னைப் பார்க்கவில்லை, பூவைப் பார்த்தார். அடுத்ததை அவரே எடுத்தார். செவ்வந்தியிலிருந்து சம்பங்கி, சம்பங்கியிலிருந்து அரளி மொட்டு என்று காம்பு மெலியும் வரிசையில் போனோம். வலது கைக்கு வேலையே கொடுக்காமல், நாரைப் பேத்தி சுற்ற, இடது கை வெறுமனே பிடித்துக்கொள்ளும் கட்டம் நெடுநாள் ஓடியது. பேத்தியோடு ஓயாத சண்டை. "மெதுவா இழுடி, என் கை என்ன கல்லா?" அந்தச் சண்டைக்கு நடுவில் அந்த விரல்கள் எத்தனை தடவை பிடித்தன, விட்டன என்று யாரும் எண்ணவில்லை.

முன்னேற்றத்தைக் கோணமானியால் அளந்து என் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வேன். அப்பத்தாவுக்கு அந்த எண்கள் ஒரு பொருட்டில்லை. அவருக்கு அளவு முழம்தான். கால் முழம் கட்டிய அன்று அதைச் சாமி படத்துக்குப் போட்டார். அரை முழம் வந்தபோது எதிர்வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினார். கட்டு தளர்வாகத்தான் இருந்தது, முன்னைப்போல நெருக்கம் இல்லை. ஆனாலும் 'இன்னைக்கு எக்சர்சைஸ் பண்ணீங்களா' என்று நான் கேட்க வேண்டிய தேவை அதோடு போய்விட்டது.

வேலூரில் மேரி வர்கீஸ் என்ற டாக்டரின் கதையை எங்கள் துறையில் எல்லோரும் கேட்டிருப்போம். சி.எம்.சி.யில் பணியாற்றிக்கொண்டிருந்த இளம் மருத்துவர். 1954இல் கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்துவிட்டது. அவருக்கு ஆறுதல் சொன்னவர்கள் நிறையப் பேர் இருந்திருப்பார்கள். அங்கே தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளைச் சீராக்கும் அறுவை சிகிச்சையை வளர்த்த பால் பிராண்ட் அவருக்கு வேலை கொடுத்தார். கை அறுவை சிகிச்சையை உட்கார்ந்தபடியே செய்யலாம் என்று காட்டினார். சக்கர நாற்காலியில் அமர்ந்து அந்தக் கைகளுக்கு அறுவை செய்தவர், பிறகு மறுவாழ்வு மருத்துவம் படித்து, அந்தத் துறைக்கே தலைவரானார். 1966இல் பாகாயத்தில் தொடங்கிய மறுவாழ்வு நிலையத்தின் பின்னால் அவர் இருந்தார். மன உறுதிக்கு எடுத்துக்காட்டாக அவரைச் சொல்வார்கள். சரிதான். எனக்கோ அந்தக் கதையில் முதலில் தெரிவது, அவர் கைக்கு எட்டுகிற தூரத்தில் ஒரு வேலையை வைத்த அந்த யோசனை.

பரிசு காட்டி வேலை வாங்கலாமா என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. "நூறு தடவை பண்ணினாத்தான் டிவின்னு சொல்லிட்டேன் டாக்டரம்மா" என்று ஒரு மகன் பெருமையாகச் சொன்னார். அப்பா நூறு தடவை செய்தார், நூற்றோராவது தடவை செய்யவில்லை. மகன் வெளியூர் போன வாரம் ஒன்றுகூடச் செய்யவில்லை. எட்வர்ட் டெசி 1971இல் வெளியிட்ட சோதனை இதைத்தான் சொல்கிறது. மாணவர்களுக்குச் 'சோமா' என்ற கட்டைப் புதிரைக் கொடுத்தார். ஒரு குழுவுக்கு, தீர்த்த ஒவ்வொரு புதிருக்கும் ஒரு டாலர். பணம் நிறுத்தப்பட்ட பிறகு, ஓய்வு நேரத்தில் தானாக அந்தப் புதிரைக் கையிலெடுக்கும் ஆர்வம் அந்தக் குழுவிடம் குறைந்திருந்தது. இரண்டு வருஷம் கழித்து மழலைப் பள்ளிக் குழந்தைகளிடம் செய்த ஆய்விலும் அதே கதைதான். படம் வரைந்தால் சான்றிதழ் என்று முன்கூட்டியே சொல்லி வரையவைத்த குழந்தைகள், பிறகு சும்மா இருக்கும் நேரத்தில் வரைவதைக் குறைத்துக்கொண்டார்கள்.

இதை வைத்துக்கொண்டு பாராட்டே கூடாது என்று சொல்வதற்கில்லை. இன்னொரு வீட்டில் யூ.கே.ஜி. படிக்கும் பேரன், தாத்தா எழுந்து நிற்கும்போதெல்லாம் அவர் சட்டையில் ஸ்டார் ஸ்டிக்கர் ஒட்டுவான். தாத்தா அதைக் கழற்றாமலே வாக்கிங் போவார். அங்கே யாரும் யாரையும் கட்டிப்போடவில்லை. டெசியும் அவரோடு சேர்ந்து இந்தச் சிந்தனையை வளர்த்த ரிச்சர்ட் ரயானும் சொல்வது இதுதான். 'நீ நன்றாகச் செய்கிறாய்' என்று தெரிவிக்கிற பரிசு ஒரு வகை, 'நான் சொல்வதைச் செய்' என்று பிடித்திழுக்கிற பரிசு இன்னொரு வகை. மனிதருக்குத் தன் விருப்பப்படி நடப்பதாக ஓர் உணர்வு வேண்டும், கைத்திறன் கூடுவது தெரிய வேண்டும், தனக்கென்று மனிதர்கள் வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் ஊக்கம் தங்கும் என்பது அவர்கள் கருத்து. பக்கவாதம் ஒரே நாளில் இந்த மூன்றையும் பறித்துவிடுகிறது. எந்தச் சட்டை போடுவது என்பதைக்கூட வேறு யாரோ முடிவு செய்கிறார்கள். அதனால் நான் வரும் நேரம், முதலில் கையா காலா, கட்டிலிலா நாற்காலியிலா என்று சின்னச் சின்ன முடிவுகளையெல்லாம் அவரிடமே விட்டுவிடுவேன். அவர் தவறான நேரத்தைத் தேர்ந்தெடுத்தாலும் அந்த நேரத்துக்கே போவேன்.

பாசம்தான் இந்தத் தொழிலில் எனக்குக் கடினமான எதிர்ப்பு. எட்வர்ட் டாப் என்ற ஆய்வாளர் குரங்குகளிடம் ஒன்றைக் கவனித்தார். ஒரு கையின் உணர்ச்சி நரம்பைத் துண்டித்தால் குரங்கு அந்தக் கையை அறவே கைவிட்டுவிடும். நல்ல கையைக் கட்டிப்போட்டால், கைவிட்ட கையைப் பயன்படுத்தத் தொடங்கிவிடும். கையில் இயலாமை ஒரு பங்கு, பயன்படுத்தாமல் விட்டுப் பழகியது மறுபங்கு. மனிதரிடமும் இது உண்டு என்று சொல்லி அவர் உருவாக்கிய சிகிச்சையில், நல்ல கைக்கு உறை மாட்டி, விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி பலவீனமான கையையே வேலை செய்யவைப்பார்கள். 222 நோயாளிகளைக் கொண்டு அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2006இல் வந்தது. இரண்டு வாரம் அப்படிப் பழகியவர்களின் கை தேறியது, அந்தத் தேற்றம் ஒரு வருஷம் கழித்தும் நின்றது. விரல் ஓரளவாவது அசைகிறவர்களுக்குத்தான் இது பொருந்தும். எல்லோருக்கும் உறை மாட்டிவிட முடியாது.

நம் வீட்டில் உறை மாட்ட வேண்டிய கை பல நேரம் மருமகளுடையது. ஊட்டிவிடும் கை, தலை சீவிவிடும் கை, தண்ணீர்ச் செம்பை வாய்க்கருகே கொண்டுபோகும் கை. அவரைக் குறை சொல்வதில் நியாயமில்லை. மாமியார் தட்டுத்தடுமாறித் தட்டைக் கழுவும்போது பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தால், "நோயாளியப் போய் வேலை வாங்குறா பாரு" என்ற பேச்சு ஊர் முழுக்கப் போய்விடும். இதற்கு நான் செய்வது எளிய காரியம். என் லெட்டர்பேடில், மருந்துச் சீட்டு எழுதுவதுபோல எழுதி, சீல் வைத்துக் கொடுத்துவிடுவேன்: 'தன் தட்டைத் தானே கழுவ வேண்டும். தலை தானே சீவ வேண்டும். துணி மடிக்க வேண்டும். பிறர் உதவக் கூடாது.' அதைக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டச் சொல்வேன். வருகிற சித்திகளும் அத்தைகளும் படித்துவிட்டுப் போகட்டும். டாக்டர் சொல்லிவிட்டார் என்ற ஒரு வரி மருமகளைக் காப்பாற்றும், மாமியாரின் கையையும் காப்பாற்றும்.

காலண்டர் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். 'தினமும் செய்யுங்கள்' என்று சொல்வதை நான் அநேகமாக விட்டுவிட்டேன். தினமும் என்றால் எப்போதும் இல்லை என்றாகிவிடும். எந்த வேலை முடிந்த கையோடு எதைச் செய்வது என்று கட்டிப்போட்டால்தான் நடக்கிறது. முழங்கால் மூட்டு மாற்றிக்கொண்ட ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், தினசரிக் காலண்டரில் தாள் கிழித்ததும் நாற்காலியிலிருந்து பத்து தடவை எழுந்து உட்கார்வார். நல்ல நேரம், ராகு காலம் பார்க்காமல் அவர் நாள் தொடங்காது, ஆகவே பயிற்சியும் தவறவில்லை. சமையலறையில் நிற்பவர்களுக்குக் குக்கர் வைத்ததும் குதிகாலைத் தூக்கி இறக்கும் பயிற்சி, மூன்றாவது விசில் வரை. சாயங்காலம் சீரியல் பார்ப்பவர்களுக்கு விளம்பரம் வந்தால் தொடைத் தசையை இறுக்கி விடும் பயிற்சி. விளம்பரத்துக்கு நம் தொலைக்காட்சியில் குறைவே இல்லை.

பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மன் உளவியலாளர் 1999இல் எழுதிய கட்டுரை இந்த முறையைப் பிரபலமாக்கியது. 'இது நடந்தால் இதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டுவைப்பது, வெறும் நல்லெண்ணத்தைவிடப் பலமாக வேலை செய்கிறது என்பது அதன் சாரம். மறு வருஷமே மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவர்களிடம் ஓர் ஆய்வு வந்தது. எப்போது, எங்கே, எதைச் செய்வேன் என்று தாங்களே திட்டம் எழுதிவைத்தவர்கள் அன்றாட வேலைகளுக்குச் சீக்கிரம் திரும்பினார்கள். 'தாங்களே எழுதி' என்பதை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். நோட்டில் நான் எழுத மாட்டேன். எழுதத் தெரியாதவர் சொல்லச் சொல்லப் பேரப்பிள்ளை எழுதும், அவர் வாய்ச்சொல்லிலேயே.

சித்திரைத் திருவிழா வந்தால் மதுரையில் எக்சர்சைஸ் கிடையாது. கொடியேறியதிலிருந்து அழகர் மலைக்குத் திரும்பும் வரை வீடெல்லாம் விருந்தாள். ஆடியில் குலதெய்வக் கோயில், நடுவில் ஒரு துஷ்டி, ஒரு காதுகுத்து. விடுபட்ட நாளை விட, விடுபட்டதும் வரும் 'இனி அவ்வளவுதான்' என்ற நினைப்புத்தான் கெடுதல். லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரிடம் செய்து 2010இல் அச்சான ஆய்வை நான் எல்லா வீட்டிலும் சொல்வேன். ஒரு செயல் பழக்கமாகப் படிய நடுத்தரமாக 66 நாள் ஆனது. ஆனால் சிலருக்கு 18 நாளிலேயே படிந்தது, சிலருக்கு 254 நாள் வரை போகும் என்று கணக்கு காட்டியது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனது பெரிதாக ஒன்றையும் கெடுக்கவில்லை. இதைத் திருவிழாவுக்குப் பிறகு ஆறுதலாகச் சொல்வதில் பயனில்லை. கொடியேற்றத்துக்கு முன்பே, "அழகர் ஆத்துல இறங்கி, மலைக்குத் திரும்பினதுக்கு மறுநாள் காலைல காலண்டர் கிழிச்சதும் ஆரம்பிக்கணும்" என்று நாள் குறித்துவிடுவேன். அப்போது நடுவில் விட்டது தோல்வியாகத் தெரியாது, லீவாகத் தெரியும்.

எந்தக் கொக்கியும் மாட்டாத சிலரும் உண்டு. பூவும் வேண்டாம், பேரனும் வேண்டாம், முன்பு உயிராக இருந்த எதுவும் வேண்டாம் என்று சுவரைப் பார்த்துக் கிடப்பார்கள். பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு நோய் வருகிறது. அடிபட்ட இடத்தைப் பொறுத்து, விருப்பம் என்பதையே எழுப்பாத நிலைக்கும் மூளை போய்விடுவதுண்டு. இவர்களிடம் 'மனசு வை' என்று சொல்வது, கால் உடைந்தவரை ஓடச் சொல்கிற கொடுமை. பயிற்சியைச் சுருக்கிக்கொண்டு மனநல மருத்துவரிடம் அனுப்புவேன். "அவருக்கு என்ன பைத்தியமா?" என்று வீட்டார் கோபப்படுவார்கள். மூளையில் அடிபட்டதன் இன்னொரு விளைவு இது, சுகர் மாத்திரை மாதிரி இதற்கும் மாத்திரை இருக்கிறது என்று பொறுமையாகச் சொல்வேன். மருந்து பிடித்துக் கொஞ்ச நாளானதும் அதே மனிதர் "இன்னைக்கு ஏன் லேட்டு?" என்று என்னைக் கேட்டதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். வீட்டார் சோம்பேறித்தனம் என்று திட்டித் தீர்த்த மாதங்களை நினைத்தால் வயிறெரிகிறது.

2021 ஆகஸ்ட் 5இல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபியும் வீட்டுக்கே போகிறது. எங்களைப் போன்றவர்களுக்குக் கட்டணம் கொடுக்க முடியாத, ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ வைக்க முடியாத குடும்பங்களுக்கு அது பெரிய காரியம். சுற்ற வேண்டிய ஊர்கள் அதிகம் என்பதால் ஒரு வீட்டுக்குக் கிடைக்கும் நேரம் குறைவு. அங்கே போகும் தங்கைகள் என்னிடம் கேட்டால் நான் சொல்வது, முதல் நாள் கையைத் தொடுவதற்கு முன்னால் அந்தக் கை என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்று கேளுங்கள், பதில் வரும் வரை உட்காருங்கள் என்பதுதான்.

பதில் வரும் வரை உட்காருவது சுலபமில்லை. குடிப்பழக்கத்திலிருந்து மீள நினைப்பவர்களோடு வேலை செய்த வில்லியம் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1983இல் ஒரு முறையை எழுதினார். பிறகு ஸ்டீபன் ரோல்னிக் என்பவரோடு சேர்ந்து அதை விரித்தார். 'நீ மாற வேண்டும்' என்று நாம் வாதாடினால், எதிரில் இருப்பவர் தானாகவே மறுபக்கத்து வக்கீலாகிவிடுவார். மாறுவதற்கான காரணத்தை அவர் வாயாலேயே சொல்லவிட வேண்டும், அது வரும்படி கேட்க வேண்டும். படிக்கும்போது எளிதாக இருக்கும். எதிரில் ஒருவர் "நடந்து என்னத்தக் கிழிக்கப்போறேன்" என்று சொல்லும்போது, பதில் வாதம் நாக்கு நுனியில் நிற்கும். அதை விழுங்க வேண்டும்.

இப்போது நான் போய்வரும் வீட்டில் ஐயா ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். வலது பக்கம் பலவீனம், பேச்சு தெளிவாகத்தான் இருக்கிறது. வீட்டுக்குள் நடக்கிறார், வாசல் தாண்ட மறுக்கிறார். மகள் கெஞ்சிப் பார்த்தாகிவிட்டது, மருமகன் கோபித்துப் பார்த்தாகிவிட்டது.

"வெளிய போக வேணாம்னு தோணுதுங்களாய்யா?"

"ஆமா. போயி?"

"சரிங்கய்யா. ஒரு பேச்சுக்குக் கேக்குறேன். போகணும்னா பத்துல எத்தன மார்க் தருவீங்க?"

கொஞ்சம் யோசித்து, "மூணு" என்றார்.

"ஏன் மூணு? பூஜ்யம்னு சொல்லலையே?"

ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்டிருந்தால், போகாமலிருக்கக் காரணங்களை அடுக்கியிருப்பார். பூஜ்யம் ஏன் இல்லை என்றதும் போவதற்கான காரணத்தைத் தேட வேண்டியதாகிவிட்டது. தேடினார். திருமங்கலம் வண்டியில் தன்னோடு ஓடிய டிரைவர் இன்னும் இருக்கிறாராம், பெரியார் நிலையத்துக்குப் பக்கத்து டீக்கடையில் சாயங்காலம் உட்கார்ந்திருப்பாராம். "அவன் என்னைய இப்பிடிப் பாக்கக் கூடாது" என்றார். சற்று நேரம் கழித்து, "பாத்தாலும் அவன் ஒண்ணும் சொல்ல மாட்டான்" என்றார்.

ஆட்டோவில் போகலாமே என்றாள் மகள். அவர் முகம் சுருங்கியது. டவுன் பஸ்ஸில்தான் போக வேண்டும் என்பது அவர் முடிவு. அதற்கு இடது கையால் கம்பியைப் பிடித்து, நல்ல காலை முதலில் மேலே வைத்து, பலவீனமான காலை இழுத்துக்கொள்ள வேண்டும். இறங்கும்போது பலவீனமான கால் முதலில். வண்டி கிளம்பும் குலுக்கலில் நிற்காமல் உடனே உட்கார வேண்டும். கடைசியாகச் சொன்னதைக் கேட்டு, அதெல்லாம் தனக்குத் தெரியும் என்றார். வண்டி கிளம்பும்போது எந்தப் பக்கம் சாய்வது என்பதை அவர்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்.

வீட்டுத் திண்ணைப் படியில் பழகினோம். பஸ் படியின் உயரத்தை டேப் வைத்து அளந்து வந்து, ஒரு மரப்பலகை போட்டு அதே உயரத்துக்கு ஏற்றினோம். காலண்டர் கிழித்ததும் ஏறி இறங்குகிறார், மதியம் சாப்பாட்டுக்கு முன்னால் இன்னொரு சுற்று. நான் போகாத நாள்களிலும் நடப்பதாக மகள் சொல்கிறாள். டீக்கடைக்குப் போகிற அன்று சட்டை எது என்பதையும் எடுத்துவைத்துவிட்டாராம். அடுத்த வியாழக்கிழமை, கூட்டம் குறைவான மூன்று மணி வண்டி. அவருக்குப் பின்னால் ஒரு படி விட்டு நான் ஏறுவதாகப் பேச்சு. மருமகன் வர வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். டிக்கெட்டும் தானே எடுப்பாராம். சில்லறையை இடது பக்கப் பையில் போட்டுக்கொள்ளட்டுமா என்று நேற்று என்னிடம் கேட்டார். வலது பக்கப் பையில் போடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.